உடையவனும் உடைமையும்

திருக்குறுங்குடி மலைநம்பியைச் சேவிக்க ஏறும் அடியார்கள் களக்காட்டு வனத்தினூடே செல்கின்றனர். 1976ஆம் ஆண்டில் சிங்கவால் குரங்கின் பொருட்டுச் சரணாலயமான அவ்வனம், 1988இல் முண்டந்துறையுடன் இணைந்து புலிகள் காப்பகமாயிற்று.

மனிதனுக்குப் பயன்படாத குரங்கைக் காப்பானேன் என வினவுவோர் உளர். அது பழமுண்டு வித்தைப் பரப்புகிறது, வித்து மரமாகிறது, மரச்செறிவு மழைநீரை மண்ணில் தேக்கி நம்பியாற்றுக்கு அளிக்கிறது.

ஆயினும், பயன் கருதிய விடை முழுவிடையன்று. சேதனமும் அசேதனமுமாகிய அனைத்தும் எம்பெருமானுக்குத் திருமேனி என்பதே எம்பெருமானார் தரிசனம். எனில், இவ்வுயிர் வேண்டும், இவ்வுயிர் வேண்டா எனத் தீர்ப்பளிக்க அடிமைக்கு ஏது உரிமை? உடையவன் உடைமையைச் சிதையாது காப்பதே சேஷனுக்கு அழகு.

சந்நிதியில் திருத்துழாய் சமர்ப்பித்த கை, இறங்கும் வழியில் நெகிழிப் பையை எறியுமாயின், அக்கைங்கர்யம் நிறைவுறுமோ? அடியார்கள் சிந்திப்பாராக.