சீட்டுக் குலுக்கும் டாக்டர்

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் சாயங்காலம் கையில் ஒரு கத்தை காகிதத்தோடு வந்தார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா. ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடலாமா?"

அக்காவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. காகிதத்தைப் புரட்டினேன். ஒப்புதல் படிவம். எட்டுப் பக்கம். விஷயம் இதுதான்: இரண்டு மாத்திரைகள். இரண்டுமே ஏற்கெனவே மருந்துக் கடையில் கிடைப்பவைதான். இவர் மாதிரி ஆட்களுக்கு எது நல்லது என்று பார்க்கப் போகிறார்கள். யாருக்கு எந்த மாத்திரை என்பதை டாக்டர் முடிவு செய்ய மாட்டார். கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

"அதாவது, திருவுளச்சீட்டு போட்டுப் பார்க்கிற மாதிரி" என்றேன்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னப்பா இது! எனக்கு எது நல்லதுன்னு டாக்டருக்குத் தெரியாதா? சீட்டுக் குலுக்கறதுக்கா இவ்வளவு படிச்சாரு?"

நியாயமான கேள்வி. நீங்களாக இருந்தாலும் கேட்டிருப்பீர்கள். நம் உயிரை டாக்டரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். அவர் சீட்டுக் குலுக்கினால் நமக்கு எப்படி இருக்கும்?

இதே சென்னையில் எழுபது வருடங்களுக்கு முன்னால் நடந்த ஒரு சீட்டுக் குலுக்கலைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படலாம்.

தாம்பரம் பக்கம் மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா? 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷன் வரும். சானடோரியம் என்றால் காசநோய்க்காரர்கள் மாதக்கணக்கில் தங்கும் ஆஸ்பத்திரி. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. அப்படி இருந்தால்தான் டி.பி. குணமாகும் என்று உலகமே நம்பியது. வீட்டில் வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கும் தொற்றும் என்று பயம் வேறு.

சரி, படுக்கை எத்தனை? நாடு முழுக்க நோயாளிகள் பல லட்சம் பேர். படுக்கைகளோ மிகக் குறைவு. இடம் கிடைக்காதவர் வீட்டில் இருமிக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான்.

1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து நடத்திய மையம். தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுப் போடுகிற மாதிரிதான் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு சானடோரியம். பாதிப் பேருக்கு அவரவர் வீடு. இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருடத்துக்கு.

வீட்டுக்குப் போனவர்கள் பாடு என்ன? ஒண்டுக்குடித்தனம், அரை வயிற்றுச் சாப்பாடு, வேலைக்கும் போயாக வேண்டும். சானடோரியத்துக்காரருக்கு ஓய்வும் சத்துள்ள உணவும். யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்டியிருந்தால் நானும் சானடோரியம் பக்கம்தான் கட்டியிருப்பேன்.

1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 100-க்கு 92 பேரிடம் நோய் அடங்கியிருந்தது. வீட்டில்? 86 பேர்! கிட்டத்தட்ட அதே அளவு. குடும்பத்தாரை ஐந்து வருடம் கவனித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் மற்றவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றியதாகவும் தெரியவில்லை. குணப்படுத்தியது காற்றும் முட்டையும் இல்லை, ஒழுங்காகச் சாப்பிட்ட மாத்திரைதான் என்று புரிந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெற்ற பிள்ளையைப் பிரிந்து மாதக்கணக்கில் படுத்துக்கிடக்க வேண்டிய கொடுமை எத்தனையோ குடும்பங்களுக்கு இல்லாமல் போனது.

ஆனால், அந்த 92-க்கும் 86-க்கும் நடுவில் இருக்கும் ஆறு? அது என்னை உறுத்துகிறது. உங்களையும் உறுத்த வேண்டும். அதில் ஒருவர் உங்கள் தாத்தாவாக இருந்திருந்தால், "சீட்டு மாறி விழுந்திருந்தால்..." என்று நினைக்காமல் இருப்பீர்களா?

அந்த டாக்டர்கள் பக்கம் ஒரு பதில் உண்டு. அவர்களுக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. ஒரு தரப்பையும் மருந்தில்லாமல் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும். 1994-ல் ஒரு நல்ல செய்தி வந்தது. ஹெச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு ஏ.இஸட்.டி. என்ற மருந்தைக் கொடுத்தால், குழந்தைக்குத் தொற்றுவது 100-க்கு 25-லிருந்து 8 ஆகக் குறைகிறது. அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் நிரூபித்தார்கள். ஆனால், ஒரு தாய்க்குச் சுமார் 800 டாலர் செலவு. ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது. குறைந்த நாள், குறைந்த மருந்து கொடுத்தால் பலிக்குமா என்று தாய்லாந்து, ஐவரி கோஸ்ட் போன்ற நாடுகளில் சோதித்தார்கள். அங்கேயும் சீட்டுதான். ஒரு பாதிக்கு மருந்து. மறு பாதிக்கு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை.

1997-ல் பீட்டர் லூரி, சிட்னி உல்ஃப் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இதைக் கண்டித்து எழுதினார்கள். அமெரிக்காவில் செய்யத் துணியாததை ஆப்பிரிக்காவில் செய்யலாமா என்பது அவர்கள் கேள்வி. எதிர்த்தரப்பு சொன்ன பதில்: "அந்தப் பெண்களுக்கு எப்படியும் எந்த மருந்தும் கிடைக்கப் போவதில்லையே! நாங்கள் எதையும் பறிக்கவில்லையே!"

அவர்களை வில்லன்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 1998-ல் தாய்லாந்து முடிவு வந்தது. குறைந்த மருந்திலேயே தொற்று 100-க்கு 19-லிருந்து 9 ஆகியிருந்தது. 2000-ல் அந்த நாட்டு அரசு நாடு முழுக்க இந்தத் தடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பலன் அங்குள்ள தாய்மார்களுக்கே திரும்பி வந்தது.

ஆனாலும், 'எப்படியும் கிடைக்கப் போவதில்லை' என்ற அந்த வாக்கியம் இருக்கிறதே, அது ஆபத்தானது. நாமே அதைத் தினமும் சொல்கிறோம். 'வேலைக்காரம்மா பிள்ளை எப்படியும் பெரிய படிப்பு படிக்கப் போறதில்லை. பழைய புத்தகமே போதும்.' ஒருவருடைய இல்லாமையையே, அவருக்குக் குறைத்துக் கொடுக்க நியாயமாக ஆக்கிவிடுகிறோம். சென்னையிலும் படுக்கை இல்லைதான். ஆனால், அதைச் சாக்காக வைத்து யாரையும் மருந்தில்லாமல் விடவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை.

அதனால் அக்காவிடம், கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன். எது நல்லது என்று நிஜமாகவே உங்களுக்குத் தெரியாதா டாக்டர்? எனக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள்? நடுவில் பிடிக்கவில்லை என்றால் விலகிவிடலாமா? 2019-ல் வந்த மருந்துப் பரிசோதனை விதிகளின்படி, பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இதெல்லாம் உரிமை, யாரும் போடும் பிச்சையில்லை.

மறுநாள் அக்கா போய்க் கேட்டிருக்கிறார். இளவயது டாக்டர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நிஜமாவே தெரியாதும்மா. தெரிஞ்சா நேரா அதையே கொடுத்துட மாட்டேனா?" என்றாராம். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"தெரியாதுன்னு வாய்விட்டுச் சொன்ன முதல் டாக்டர் இவர்தான் தம்பி. நம்பலாம்" என்றார். அப்புறம், வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஆமா, எந்த மாத்திரை நல்லதுன்னு கடைசியில தெரிஞ்சா, எனக்கும் சொல்வாங்கல்ல?"

எட்டுப் பக்கத்தையும் மறுபடி புரட்டிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை.

நீங்கள் டாக்டரோ, ஆராய்ச்சியாளரோ, அந்தப் படிவத்தை எழுதுகிறவரோ என்றால், ஒரு வரி சேர்த்துவிடுங்களேன். உடம்பைக் கொடுத்தவருக்கு விடையைச் சொல்வதுதானே முறை?