தேய்ந்த படமும் தீர்ந்த சமன்பாடும்

படங்களைக் கணினியாற் செப்பனிடும் கலை ஆய்வுகூடத்தைக் கடந்து ஊர்க் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. சமன்பாடு என்னும் சொல்லைப் பள்ளிப் பருவத்தோடு மறந்தவர் கையிலும் இன்று அது உண்டு. அது எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கணிதத்தார் விளக்குவர். அது தரும் படம் உண்மையானதா என்பதோ மெய்யியலார் கேட்கவேண்டிய வினா. முன்னதை அறியாது பின்னதைக் கேட்பதிற் பயனில்லை.

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்திற் கடனீரேரியைத் தொட்டு நிற்கும் கொழும்புத்துறையை எடுத்துக்கொள்க. உப்புக் காற்றும் ஈரமும் சுவரிலே தொங்கும் படங்களுக்குப் பகை. 1995 ஒக்டோபர் இறுதியில் நகரும் வலிகாமமும் ஒருசேர இடம்பெயர்ந்தபோது பைகளிற் செருகப்பட்டு அலைந்த படங்களும் பல. அத்தகைய ஊரிலே, காணாமற்போன மகனின் படம் ஒன்றே ஒன்று ஒரு தாயிடம் எஞ்சியுள்ளது எனக் கொள்க. சிறுவயதில் விழுந்து பட்ட தழும்பு அவனது இடப்புருவத்தின் மேல் உண்டு. ஆயின், படத்தில் அவ்விடம் பூஞ்சணம் படிந்து வெளிறிப் போயிற்று. அதைத் திருத்தித் தருமாறு தாய் கேட்கிறாள்.

கணினிக்குப் படம் என்பது எண்களின் அடுக்கு. கருமைக்கு 0, வெண்மைக்கு 255, இடைப்பட்ட சாயல்களுக்கு இடைப்பட்ட எண்கள். அழிந்த இடத்தின் எண்களோ தெரியாக் கணியங்கள். ஒவ்வொரு தெரியாப் புள்ளியும் மேல், கீழ், இடம், வலம் என்னும் நான்கு அயற்புள்ளிகளின் சராசரியாக இருத்தல் வேண்டும் என விதித்தால், புள்ளிகள் எத்தனையோ அத்தனை சமன்பாடுகள் பிறக்கும். லாப்பிளாசின் பெயரால் வழங்கும் சமன்பாட்டின் எண்வடிவமே இது. தகடொன்றிலே வெப்பம் பரவி நிலையான நிலையை எய்துவதைக் கூறுவதும் அதே சமன்பாடு. 2000ஆம் ஆண்டில் பெர்தால்மியோ, சப்பீரோ, காசெல்லெசு, பலெஸ்தர் என்னும் நால்வர் இதனினும் நுட்பமான வகையீட்டுச் சமன்பாடு ஒன்றை வெளியிட்டனர். நூதனசாலைகளில் ஓவியம் செப்பனிடுவோர், அழிவின் விளிம்பில் வந்து முட்டும் கோடுகளை உள்ளே நீட்டி வரைவர். அவர்தம் கை செய்வதையே எண்களைக் கொண்டு செய்ய முயன்றது அச்சமன்பாடு.

விளிம்பிலுள்ள எண்கள் தரப்பட்டால் முதலிற் கூறிய சமன்பாட்டுத் தொகுதிக்கு விடை உண்டு. அவ்விடை ஒன்றே என்பதும் கணிதத்தால் நிறுவப்பட்டது. மயக்கம் தொடங்குவது இங்கேதான். விடை ஒன்றே என்பது சமன்பாட்டின் இயல்பேயன்றி முகத்தின் இயல்பு அன்று. தழும்பு என்பது அயலோடு ஒவ்வாதது. அயலோடு ஒத்திரு என்பதோ சமன்பாட்டின் கட்டளை. ஆகவே கணிப்பு எவ்வளவு செம்மையாக நடைபெறுகிறதோ அவ்வளவு செம்மையாகத் தழும்பு மறையும். கணக்கிலே பிழை இருந்தாலாவது எவரேனும் ஐயுறுவர். பிழையற்ற கணக்கை ஐயுறுவார் யார்?

தமிழ்மரபிலே பயின்றவர்க்கு இச்சிக்கல் புதியதன்று. காட்சி, கருதல், உரை என அளவைகளைப் பிரித்துக் கற்றவர் அவர். புகையைக் கண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது கருதல். புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்னும் பிரியா உடனிகழ்ச்சி அதற்கு அடிப்படை. படத்தின் எஞ்சிய பகுதி காட்சியைச் சார்ந்தது. நிரப்பப்பட்ட பகுதி கருதலைச் சார்ந்தது. அயல் இவ்வாறாயின் அழிந்ததும் இவ்வாறே என்பது கன்னத்துத் தோலுக்குப் பெரும்பாலும் பொருந்தும், தழும்புக்குப் பொருந்தாது. கருதியதிற் குற்றமில்லை. கருதியதைக் கண்டதாகக் காட்டுவதே குற்றம். திருத்திய படத்திலோ இரண்டுக்கும் இடையே கோடு கிடையாது. கோடு தெரியாதிருப்பதே அக்கலையின் வெற்றி எனவும் போற்றப்படுகிறது.

மனித மனமும் இடைவெளிகளை இட்டு நிரப்புகிறதே, முன்னைய நிழற்படக் கலைஞரும் தூரிகையால் முகங்களைத் திருத்தினாரே என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானது. எனினும் தாயின் மனம் நிரப்புவது அவனை அறிந்த மனம். எண்ணற்ற முகங்களைப் பார்த்துப் பழகிய இன்றைய கணினி முறைகள் நிரப்புவதோ பிறர் முகங்களைக் கொண்டு. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய அத்தகைய முறையொன்றுக்கு, பராக் ஒபாமாவின் படத்தை மிகச் சிறுத்து மங்கலாக்கிக் கொடுத்தபோது, அது தெளிவான முகம் ஒன்றைத் தந்தது. அது வெள்ளையர் ஒருவரின் முகம்.

எழுத்துக்கும் இவ்வபாயம் உண்டு. பழந்தாளைப் படியெடுக்கையில் அழுக்குப் புள்ளிகளை நீக்க, ஒவ்வொரு புள்ளிக்கும் அயலெண்களின் இடையத்தைக் கொடுப்பர். தனித்து நிற்கும் சிறுபொட்டு அழுக்கெனக் கருதப்பட்டு நீங்கும். தமிழிலே தனித்து நிற்கும் சிறுபொட்டு மெய்யெழுத்தின் புள்ளியன்றோ! ‘மலர்’ என்பது ‘மலர’ ஆகிவிடும். 2013இல் டேவிட் கிரீசல் என்னும் செருமானியர் செரொக்ஸ் பிரதிப்பொறி ஒன்றினால் வீட்டு வரைபடத்தைப் படியெடுத்தபோது, 21.11 எனவும் 17.42 எனவும் குறிக்கப்பட்ட அறைகளின் பரப்புகள் 14.13 என மாறி வந்தன. ஒத்த வடிவங்களை ஒருமுறை மட்டும் சேமித்து வைக்கும் சுருக்கமுறை, ஒவ்வாதவற்றையும் ஒத்தனவாகக் கொண்டுவிட்டது. பிரதியோ தெளிவாகவே இருந்தது.

சிதைந்த ஏடுகளோடு போராடிய பதிப்பாசிரியர் வேறொரு வழியைக் காட்டியுள்ளனர். உ. வே. சாமிநாதையர் 1894இற் புறநானூற்றை வெளியிட்டார். ஏடுகளிற் கிடைக்காத 267, 268ஆம் பாட்டுகள் இன்றும் அந்நூலிற் கிடைக்காதனவாகவே உள்ளன. சிதைந்த அடிகள் நின்ற இடத்திற் புள்ளிகள் நிற்கின்றன. யாப்பறிந்த புலவர்க்கு அவ்விடங்களை ஓசை குன்றாது நிரப்புதல் அரிதன்று. நிரப்பியிருந்தால் இன்று எவரும் வேறுபாடு கண்டிரார்.

இதனாற் கொழும்புத்துறைத் தாய்க்குத் திருத்திய படம் வேண்டாம் என்பதன்று பொருள். வீட்டுச் சுவரிலே விளக்கின் முன் வைக்கும் முகம் குறையின்றி இருக்கவேண்டும் என்று விரும்புதல் அவளது உரிமை. அங்கே சான்று கேட்பார் எவரும் இல்லை. ஒருகால் அவனைக் கண்டவர் ஒருவர் திருத்திய முகத்தை விரைவில் அடையாளம் காணவும் கூடும். ஆயின், 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வீதியோரங்களில் அமர்ந்த தாய்மார் மடியிலே வைத்திருந்த படங்கள் வழிபாட்டுக்குரியன மட்டுமல்ல. கேள்விக்கு விடை கோரும் சான்றுகளும் ஆகும். சான்றாகும் இடத்தில் இரு படங்களும் அருகருகே நிற்றல் வேண்டும். நிரப்பிய எல்லை மெல்லிய கோட்டாற் காட்டப்படல் வேண்டும். சமன்பாட்டுக்குத் தெரியாத ஒன்று தாய்க்குத் தெரியும். உரை என்னும் அளவைக்கு இடம் அங்கேதான் உண்டு: வெளிறிய பகுதியை வெளிறியபடியே விட்டு, அதன் அருகில், இடப்புருவத்தின் மேல் ஒரு தழும்பு என அவள் சொல்ல எழுதிய ஒரு வரி.