இரவல் உருவும் இயல்பான அன்பும்

அன்பைப் பெறும்பொருட்டு ஒருவர் தம் இயல்பையே மாற்றிக்கொள்ளல் அறமாகுமா? வங்கத்தில் வாழும் தமிழராகிய நாம் எண்ணிப் பார்க்கத்தக்க வினா இது. இரவீந்திரநாத தாகூர் 1892இல் 'சித்ராங்கதா' என்னும் கவிதை நாடகத்தில் இதனை எழுப்பினார். 1936இல் அதனை நாட்டிய நாடகமாகவும் ஆக்கினார். மணிப்புர மன்னன் மகள் சித்ராங்கதை ஆண்மகனைப் போல் வளர்க்கப்பட்டவள், வில்லேந்திய கையினள். அருச்சுனன்மீது காதல் கொண்ட அவள், மதனனை வேண்டி ஓராண்டுக்குப் பேரழகைப் பெறுகிறாள். காதலும் கைகூடுகிறது. ஆனால் அக்காதல் தனக்கன்று, தான் இரவல் வாங்கிய உருவுக்கே என்று உணர்ந்து உள்ளம் நோகிறாள். இறுதியில் தன் மெய்யுருவோடு அவன்முன் நிற்கிறாள்.

இக்கதையை அடித்தளமாகக் கொண்டு ரிதுபர்ணோ கோஷ் 2012இல் 'சித்ராங்கதா' என்னும் வங்கத் திரைப்படத்தை ஆக்கினார். அந்நாட்டிய நாடகத்தை மேடையேற்றும் ருத்ரன் என்னும் கலைஞனாக அவரே நடித்தார். ருத்ரனும் பார்த்தோ என்னும் இசைக்கலைஞனும் காதலர். குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க விழைகின்றனர். ஆடவர் இருவர்க்கு இணையராகத் தத்தெடுக்கச் சட்டம் இடந்தரவில்லை. எனவே ருத்ரன் அறுவை மருத்துவத்தால் பெண்ணாக மாறத் துணிகிறான். உடல் மாற மாற, பார்த்தோவின் உள்ளம் விலகுகிறது.

தம் உள்ளத்தின் இயல்புக்கேற்ப உடலை மாற்றிக்கொள்வோர் உளர்; அஃது அவர்தம் உரிமை. பிறர் விதித்த நிபந்தனைக்காக மாற்றிக்கொள்வது வேறு. அங்கே மாறுவது உடல் மட்டுமன்று. 'நீ நீயாக இருத்தல் போதாது' என்னும் தீர்ப்பையும் அம்மனிதன் ஏற்றுக்கொள்கிறான்.

இந்நிபந்தனை வங்கத்துக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டர், ஆடவர் இருவரின் காதலைக் கூறும் 'மாரிஸ்' நாவலை 1913, 1914 ஆண்டுகளில் எழுதினார். அன்றைய சட்டத்திற்கும் பழிக்கும் அஞ்சி அதனை வெளியிடாது வைத்திருந்தார். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1971இல்தான் அது நூலாயிற்று. 1987இல் ஜேம்ஸ் ஐவரியின் இயக்கத்தில் திரைப்படமுமாயிற்று. அவர் நூலை மறைத்தார். ருத்ரன் உடலை மாற்றத் துணிந்தான். இருவரும் செலுத்த நேர்ந்த விலை ஒன்றே.

நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் 2023 அக்டோபர் 17ஆம் நாள் தீர்ப்பில், அத்தகையோர்க்குத் திருமண உரிமையையோ இணையராகத் தத்தெடுக்கும் உரிமையையோ பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. ருத்ரனின் வினா திரையோடு முடிந்துவிடவில்லை.

'குழந்தைக்குத் தாய் வேண்டாவா?' எனச் சிலர் வினவலாம். குழந்தையின் நலம் கருதிய அவ்வினாவை நாம் எளிதில் தள்ளுதல் தகாது. ஆனால் மணமாகாத ஆடவன் ஒருவன் ஆண்குழந்தையைத் தத்தெடுக்க விதிகள் இசைகின்றன. தாயில்லா இல்லத்தில் தந்தை ஒருவன் போதும் எனின், அன்புடைய இருவர் இருத்தல் எவ்வாறு குறையாகும்? வளர்க்கும் தகுதியை ஆராய்தல் சமுதாயத்தின் கடமை. வளர்ப்போரை வேறொருவராக மாறச் சொல்லுதல் அதன் கடமையன்று.

தொல்காப்பியர் ஆண், பெண் காதலுக்கே இலக்கணம் வகுத்தார் என்பது உண்மை. எனினும் ஒருதலைக் காமமாகிய கைக்கிளையினின்றும், பொருந்தாக் காமமாகிய பெருந்திணையினின்றும் ஐந்திணையை வேறுபடுத்த அவர் கொண்ட அளவுகோல், இருவர் உள்ளமும் ஒத்தலே. அவ்வளவுகோல் நம் கையில் உள்ளது. அதனை எவர்க்கெல்லாம் நீட்டுவது என்பதை நம் காலமே முடிவு செய்தல் வேண்டும். அன்புக்கு ஒப்புமை வேண்டும்; வேடம் வேண்டுவதில்லை. வேடத்தை விலையாகக் கேட்பது எதுவாயினும், அது சட்டமாயினும் சுற்றமாயினும் காதலனே ஆயினும், அன்பின் பெயரால் அதனைக் கேட்க உரிமையுடையதன்று என்பதே நம் துணிபு.