வில்லும் வரம்பும்

தம் மகனைத் தொலைவிலுள்ள காட்டுக்கு வேட்டைக்கு அழைத்துச் செல்ல விரும்பும் தந்தை, முதலில் எதனை ஆயத்தம் செய்ய வேண்டும்? கருவியையா, உடலையா, அன்றி உள்ளத்தையா? இவ்வினாவிற்கு விடை காணப் புகுந்தால், பெற்றோர் பிள்ளைகட்கு விட்டுச் செல்ல வேண்டிய செல்வம் யாது என்னும் பெரிய வினாவே எதிர்நிற்கும்.

புறநானூற்றுப் புலவர் பொன்முடியார் கடமைகளைப் பங்கிட்டுக் காட்டுகிறார். மகனைப் பெற்று வளர்ப்பது தாயின் பொறுப்பு. அவனைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் பொறுப்பு. வேலினை வடித்துத் தருவது கொல்லனின் பொறுப்பு. சான்றோன் என்பதற்கு ஆங்கு வீரன் என்று பொருள் கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும், படைக்கலம் தருவது தந்தையின் கடனாக வைக்கப்படவில்லை என்பது எண்ணத்தக்கது.

தந்தை மகனை வேட்டைக்கு ஆயத்தம் செய்யும் முறையைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் விரித்துரைக்கிறார். உடுப்பூர் வேடர் தலைவன் நாகன் முதுமையுற்றான். திங்கள்தோறும் நிகழ வேண்டிய வேட்டை தவறியது. விலங்குகள் பெருகிப் புனங்களை அழித்தன. வேடர்கள் வந்து முறையிட்டனர். முன்னரே விற்பயிற்சி பெற்றிருந்த மகன் திண்ணனிடம் நாகன் தலைமையை ஒப்படைத்தான். தேவராட்டியை அழைத்து வாழ்த்துப் பெறச் செய்தான். திண்ணனின் கன்னி வேட்டை தொடங்கியது. அம்புகள் பறந்த அந்நேரத்திலும் வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்றுத் தளர்ந்து நடந்த பிணைகளைத் துன்புறுத்தவில்லை. கொலைத் தொழிலினரே எனினும் அவர்களுக்கென ஒரு வரம்பு இருந்தது. வில்லோடு அவ்வரம்பும் சேர்ந்தே அக்குடியில் வழிவழி வந்ததெனக் கொள்வதில் தவறில்லை.

மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களை அறிந்தோர்க்கு, நாகனிடம் வேடர் முறையிட்ட காட்சி புதியதன்று. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ரப்பர் மரங்களுக்குப் பதிலாகச் செம்பனை நட்ட நிலங்களில், காட்டுப்பன்றி இளங்கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்னும்; லயத்தின் பின்புறம் ஏழைத் தொழிலாளி நட்ட மரவள்ளியைக் கிளறிப் போடும். பயிரைக் காக்க நாயோடும் ஈட்டியோடும் தந்தையர் புறப்பட்டதும், பிள்ளைகள் உடன் செல்லத் துடித்ததும் இயல்பே. காஜா என்னும் மலாய்ச் சொல் யானையைக் குறிக்கும். அலோர் காஜா என்னும் ஊர்ப் பெயரில் யானை நிலைத்துவிட்டது. அது நடந்த வழிகளிலோ தோட்டங்களும் சாலைகளும் நிற்கின்றன.

பெருவிலங்கு வேட்டைக்கு ஒரு காலத்தில் பகாங் காடுகள் பெயர் பெற்றிருந்தன. தியோடர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர் யானை வேட்டையையும், செலாடாங் எனப்படும் காட்டெருது வேட்டையையும் பற்றி 1905இல் நூல் எழுதினார். அவரே பின்னாளில் விலங்குகளின் காவலுக்காக வாதாடினார். 1938-39ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா உருவாக அவர் முயற்சி துணை செய்தது. இன்று அதுவே தாமான் நெகாரா. காட்டை நன்கறிந்த வேட்டைக்காரரே அதன் காவலராகவும் ஆக முடியும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

வரம்பு மறைந்தால் நேர்வது யாது? 1950களில் மலாயாக் காடுகளில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்தனவென மதிப்பிடப்பட்டது. 2022இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பின் முடிவு, 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்கிறது. காடழிவும் இதற்குக் காரணம். கம்பிக் கண்ணியும் காரணம். அம்பு எய்பவன் கண்ணால் கண்டு, எய்வதா விடுவதா என்று தேர்கிறான். கண்ணிக்குக் கண்ணில்லை. அது குட்டியையும் சூலுற்ற தாயையும் வேறுபடுத்தி அறியாது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைப்பதைக் குற்றமாக்கியுள்ளது. எனினும் சட்டத்தின் காவலர் ஒவ்வொரு மரத்தடியிலும் நிற்க இயலாது. அங்கே நிற்க வேண்டியது தந்தை ஊட்டிய மனச்சான்று.

கொலைக்கு வரம்பு கூறுவது கொலையை ஏற்பதாகாதோ, கொல்லாமையன்றோ தமிழர் அறம் எனச் சிலர் வினவலாம். வள்ளுவர் கொல்லாமையைத் துறவறவியலில் வைத்தார். அவ்வுயர்ந்த படியை எல்லாரும் ஒரே நாளில் எட்டிவிடுவதில்லை. பயிரைக் காக்கும் இல்லறத்தான் சில வேளை ஈட்டி ஏந்த நேரிடலாம். ஆயினும் 'இதனைக் கொல்லேன்' என்று ஒன்றை விடுத்தவன், அருளின் முதற்படியில் கால் வைத்தவனாவான். வரம்பே அறியாதவனுக்கு அப்படி தென்படுவதில்லை.

திண்ணனின் வாழ்வும் இதனையே உணர்த்துகிறது. ஓடிய பன்றியைத் துரத்திச் சென்று வீழ்த்திய அவ்வேட்டையே அவனைக் காளத்திமலைக்கு அழைத்துச் சென்றது. விலங்கின்மேல் அம்பு தொடுத்த அதே கை, ஆறாம் நாள் தன் கண்ணையே அம்பினால் இடந்து இறைவனுக்கு அப்பியது. ஆற்றலை அடக்கப் பழகியவனுக்கே அதனை அன்பின் வழியில் திருப்பவும் இயன்றது.

இன்று தோட்டத்தை விட்டு நகரம் புகுந்த குடும்பங்களில் வில்லும் ஈட்டியும் இல்லை. ஆயினும் பிள்ளையின் கையில் ஏதேனும் ஓர் ஆற்றல் நாள்தோறும் வைக்கப்படுகிறது. வாகனம், பணம், பதவி ஆகிய யாவும் எய்யத்தக்க அம்புகளே. அவற்றை வாங்கித் தருவது எளிது. எய்யாது விட வேண்டிய இடத்தைக் காட்டித் தருவதே அரிது. அவ்வரிய பணியே தந்தையின் கடன். ஆசிரியரின் கடனும் அதுவே.