தோற்றுக் கொடுக்கலாமா?

பையன் கையிலிருந்த மொபைலை வாங்கி வைத்துவிட்டுப் பல்லாங்குழியை எடுத்தேன். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, ஆக 70. செலவு? புளி வாங்கினால் கொட்டை இலவசம்! (கொட்டை எடுத்த புளி வாங்குகிறவர்கள் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.) எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனசுக்குள்ளேயே எண்ண வேண்டும். நல்ல கணக்குப் பயிற்சி.

முதல் ஆட்டத்தில் தோற்றதும் அவன் முகம் வாடிப்போனது. அடுத்ததில் வேண்டுமென்றே தப்பான குழியில் எடுத்தேன். நீங்களும் செய்திருப்பீர்கள். பாசம்தானே? பி.காம். படித்த எனக்கு அது பொய்க்கணக்கு என்று உறைக்கவில்லை.

"ஏம்ப்பா ஏமாத்துற? நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன்" என்றான்.

ஜெயிப்பதற்காக ஏமாற்றினால் திட்டுகிறோம். தோற்பதற்காக ஏமாற்றினால்?

மூன்றாவது ஆட்டம் நிஜமாகவே ஆடினேன். அவனுக்கு இரண்டு குழி நிரப்பக் காய் இல்லை. அழுதான். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மிச்சக் குழிகளுக்கு ஐந்தைந்தாகப் போட ஆரம்பித்தான்.