காத்திருந்தவளின் கணக்கு

எங்கள் தெருவில் வளர்ந்த பெண் ஒருத்தி வளைகுடா நாட்டில் நர்ஸாக இருக்கிறாள். வயது 37. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, அதற்கு அவளுக்கு அவகாசம் தரப்படவில்லை என்று சொல்வதுதான் நியாயம். மூன்று தங்கைகளை நகையும் ரொக்கமும் கொடுத்துக் கரையேற்றியவள் அவள். நாஞ்சில் நாட்டில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க என்ன செலவாகும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்கள் ஊகித்துக்கொள்ளட்டும்.

விடுமுறையில் வந்தவள் ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாள்:

"மாமா, கருமுட்டையை எடுத்து உறைய வச்சிரலாம்னு நினைக்கேன். தப்பா?"

நான் கதை எழுதுகிறவன். வைத்தியம் தெரியாது. ஆனாலும் அவள் கேட்டது வைத்தியம் அல்ல என்பது புரிந்தது.

விஷயம் இதுதான். ஒரு பெண் தன் வாழ்நாளுக்கு வேண்டிய கருமுட்டைகள் அத்தனையையும் சுமந்துகொண்டே பிறக்கிறாள். அவளோடு சேர்ந்து அவையும் மூப்படைகின்றன. எண்ணிக்கையும் குறைகிறது, தரமும் குறைகிறது. பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, முதிர்ந்த முட்டைகளை எடுத்து, திரவ நைட்ரஜனில் 196 டிகிரி உறைகுளிரில் வைத்துவிட்டால் அவற்றுக்கு அதன் பிறகு வயது ஏறாது. இப்படி உறைய வைத்த முட்டையிலிருந்து குழந்தை பிறந்ததாக 1986இல் ஆஸ்திரேலியாவிலிருந்து டாக்டர் கிறிஸ்டோபர் சென் முதன்முதலாக அறிவித்தார். 2012 வரை அமெரிக்க வைத்தியர்கள் இதைப் பரீட்சை என்றே சொல்லி வந்தார்கள்.

"இயற்கைக்கு விரோதம்" என்று அவள் சித்தி ஒருத்தி சொன்னாளாம். அந்தச் சித்தி கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்துக்கொண்டவள். போகட்டும். 24 வயதிலிருந்து ஒரு பெண்ணின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, அவளுக்கு வந்த வரன்களை "இந்த வருஷம் வேண்டாம்" என்று தள்ளிவைத்தார்களே, அது எந்த இயற்கையோடு சேர்ந்தது?

நம் தேவி கன்னியாகுமரியின் கதை எனக்கு ஞாபகம் வருகிறது. சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளை நள்ளிரவு முகூர்த்தத்துக்குப் புறப்பட்டார். வழியில் நாரதர் சேவலாகக் கூவ, பொழுது விடிந்துவிட்டதென்று திரும்பிப் போனார். சமையாத கல்யாண அரிசி கடற்கரை மணலாயிற்று என்பார்கள். சிறு வயதில் அந்த மணலைக் கையில் அள்ளி, அரிசிதான் என்று நான் நம்பியதுண்டு. கல்யாணத்தை ஏன் தடுத்தார்கள்? பாணாசுரனைக் கன்னி ஒருத்திதான் கொல்ல முடியும். தேவர்களுக்குக் காரியம் ஆகவேண்டியிருந்தது. அதற்கு அவள் கன்னியாகவே இருக்கவேண்டியிருந்தது. காத்திருந்தவளைக் கும்பிடுகிறோம். அவளைக் காக்க வைத்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆகவே, தப்பா என்ற கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேறொன்று உறுத்தியது. "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். ஒரு பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் விசாரித்திருந்தாள். "நல்ல சான்ஸ் இருக்குன்னு சொன்னாரு மாமா." கூடவே டயானா ஹேடன் கதையையும் சொல்லியிருக்கிறார்கள். 1997இல் உலக அழகியான அவர், எட்டு ஆண்டுகளுக்கு முன் உறைய வைத்த முட்டையால் 2016 ஜனவரியில் தாயானார். உண்மைதான். ஆனால் குழந்தை பிறந்தால்தான் பத்திரிகையில் செய்தி வரும். பிறக்காதவர்கள் பேட்டி கொடுப்பதில்லை.

பாஸ்டன் நகரத்தில் 2017இல் ஒரு கணக்குப் போட்டார்கள். முதிர்ந்த முட்டைகள் 20 இருந்தால், ஒரு குழந்தையாவது பிறக்கும் வாய்ப்பு, 34 வயதில் எடுத்தவளுக்கு நூற்றுக்கு 90. 37 வயதில் 75. 42 வயதில் 37. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது உறைந்த முட்டைகளை எண்ணி வந்ததல்ல. உறைய வைக்காமல் உடனே கருவூட்டிய பெண்களின் விவரத்தை வைத்து ஊகித்தது. 37 வயதுக்காரிக்கு ஒரே தடவையில் 20 முட்டை கிடைப்பதும் அபூர்வம். 2022இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தார், உறைய வைத்து பிறகு திரும்பி வந்த 543 பெண்களை நேரிலேயே எண்ணினார்கள். உறைய வைத்தபோது சராசரி வயது 38. குழந்தை பெற்றவர்கள் நூற்றுக்கு 39. 38 வயதுக்கு முன்பே எடுத்தவர்களில் 51.

முட்டைக்கு வயது நிற்கிறது, உடம்புக்கு நிற்பதில்லை. 2021இல் வந்த நமது சட்டப்படி தனியாக இருக்கும் பெண்ணும் 50 வயதுவரை இந்தச் சிகிச்சை பெறலாம். ஆனால் வாடகைத் தாய்ச் சட்டம், விதவைக்கும் விவாகரத்தானவளுக்கும் கொடுத்த வழியைக் கல்யாணமே ஆகாதவளுக்குக் கொடுக்கவில்லை. இவள் தன் வயிற்றில்தான் சுமக்க வேண்டும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எட்டிப் பார்க்கிற வயதில்.

இதையெல்லாம் சொன்னால் அவள் நம்பிக்கை குலையும் என்று டாக்டர் நினைத்திருக்கலாம். இரக்கம்தான். ஆனால் எண்ணைச் சொல்லாமல் கொடுக்கிற நம்பிக்கை ஒருவகைக் கடன். வட்டியை அவள் 45 வயதில் கட்டுவாள். தங்கைகளுக்காக இவள் வாழ்க்கையில் ஒரு பங்கை ஏற்கெனவே பிறர் தீர்மானித்தாயிற்று. மீதியையும் இன்னொருவர் இரக்கப்பட்டுத் தீர்மானிக்க வேண்டுமா? நூற்றுக்கு முப்பதோ நாற்பதோ, அதைத் தெரிந்துகொண்டு ஒருத்தி பணத்தைப் போட்டால் அது அவளுடைய துணிவு. தெரியாமல் போட்டால் ஏமாற்று. ஊசியும் குளிரும் இரண்டிலும் ஒன்றுதான்.

எண்களைச் சொன்னேன். முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள்.

"வார்டில நான் எத்தனை பேருக்கு இந்த மாதிரிச் சொல்லியிருக்கேன் மாமா. எங்கிட்ட யாரும் சொல்லலியேன்னுதான் இருந்துது."

அடுத்த விடுமுறையில் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எட்டு முட்டை கிடைத்தது. இந்த வயதில் இந்த எட்டுக்கு என்ன அர்த்தம் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மா தயங்கி, பிறகு எழுதிக்கொடுத்தாராம். அந்தக் காகிதத்தை எனக்குக் காட்டினாள். பாதிக்குச் சற்றுக் கீழே ஒரு எண்.

"போதும்" என்றாள். "அம்மா இப்ப ஒரு வரன் பாத்திருக்கா. ஆளைப் பிடிக்கல்ல. முதல் தடவையா வேண்டாம்னு சொல்லிட்டேன் மாமா."

காகிதத்தை நாலாக மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.