மேற்கோள் என்னும் சாட்சியம்

ஒரு செய்தியைப் பலர் சொல்வதாலேயே அது உறுதியாகிவிடுமா? ஹதீஸ் கலை இதற்கு நிதானமான விடை வைத்திருக்கிறது. ஒன்றை முதவாத்திர் என்று கொள்ள, அறிவிப்பாளர் தொடரின் ஒவ்வொரு படியிலும் பலர் இருந்தாக வேண்டும். ஆரம்பத்தில் ஒருவரே இருந்தால், பின்னால் நூறு பேர் அறிவித்தாலும் அதற்கு அந்தத் தகுதி கிடையாது.

இன்றைய ஆய்வுலகை இந்த அளவுகோலால் பார்ப்போம். 1980 ஜனவரியில் நியூ இங்லண்ட் ஜேர்னல் ஒவ் மெடிசின் சஞ்சிகையில் போர்ட்டர், ஜிக் என்ற இருவரின் ஐந்து வசனக் கடிதமொன்று வெளிவந்தது. வைத்தியசாலையில் தங்கி அபின்வகை மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில், முன்பு அப்பழக்கம் இல்லாதிருந்து அதற்கு அடிமையானோர் நால்வரே என்றது அது. வீட்டில் மாதக்கணக்காக அதை விழுங்குவோர் பற்றி அதில் எதுவுமில்லை. 2017இல் கனடிய ஆய்வாளர்கள் தரவுத்தளத்தில் தேடியபோது, 608 ஆக்கங்கள் அக்கடிதத்தை மேற்கோள் காட்டியிருந்தன. அடிமையாதல் அரிது என்பதற்கு 439 ஆக்கங்கள் அதனையே சான்றாக்கின. அவர்கள் வைத்தியசாலையில் தங்கியிருந்தோர் என்பதை 491 ஆக்கங்கள் சொல்லவேயில்லை. அதற்குள் வட அமெரிக்காவில் அப்பழக்கம் பல்லாயிரம் உயிர்களைக் குடித்துவிட்டது.

வாசிக்காத கட்டுரையை அடிக்குறிப்பில் இடுவது, காணாததைக் கண்டதாகச் சாட்சி சொல்வதாகும். கள ஆய்வொன்று கைக்கு வந்தால் முடிவுரைக்குப் பாயாமல், யாரை, எத்தனை பேரை, எவ்வாறு ஆராய்ந்தார்கள் என்ற பகுதியை முதலில் பார்க்க வேண்டும். உசாத்துணைப் பட்டியல் வழியே பின்னோக்கிப் போனால் மூலம் தெரியும். கூகுள் ஸ்கொலர் போன்ற தளங்களில், அதனை மேற்கோள் காட்டியோர் பட்டியல் வழியே முன்னோக்கிப் போனால் மறுத்தவர் தெரிவார்.

முன்னோக்கித் தேடுவது எம்மவர்க்கு மிக அவசியம். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்ட பொன்னம்பலம் இராமநாதனின் கட்டுரை 1888இல் ரோயல் ஆசியக் கழக இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் வந்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸின் மறுப்பு நூல் வந்ததோ 1907இல். எவர் சொன்னது சரி என்பது வேறு விவாதம். ஆனால் முன்னதை மட்டும் காட்டி எழுதுபவர் வழக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே கேட்டவர்.

கொக்கிளாய் போன்ற கரையோரக் கிராமத்திலிருந்து எழுதுபவருக்குப் பல்கலைக்கழக நூலகம் தூரம். காசு கேட்கும் கட்டுரைகளும் அனேகம். மூலம் கிடைக்காவிட்டால், ‘இன்னார் எடுத்துக்காட்டியபடி’ என்று எழுதிவிடலாம். அறிவு அமானிதம் என்பவர்க்கு அது பெரிய பாரமல்ல.